கியரை விடாத கை

என் அண்ணி கார் ஓட்டி நான் பார்த்தது குறைவு. ஓட்ட வைத்துப் பார்த்ததுதான் அதிகம். பக்கத்து இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணைச் சாலையிலும் காதை என்ஜினிலும் வைத்துக்கொண்டு, "பிரேக்... மெதுவா... மெதுவான்னேன்ல!" என்று சொல்லிச் சொல்லியே பாதி ஊருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவள். அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிரேக் டீச்சர் என்றால் தபால்காரருக்கே வீடு தெரியும். அண்ணன் அவசர அவசரமாகச் சாப்பிட்டால்கூட மேசைக்கு அடியில் அவள் கால் தரையை ஒரு அழுத்து அழுத்தும். நானே குனிந்து பார்த்திருக்கிறேன்.

நான் அவளுக்கு நாத்தனார். மாடியில் குடியிருக்கிறேன். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் உட்கார்ந்து, பயந்து வருகிறவர்களிடம் வலிக்காது வலிக்காது என்று பொய் சொல்வது என் வேலை. நாத்தனார் வாயைத் திறந்தால் அண்ணியைக் குறை சொல்லத்தான் என்று ஊரே நினைக்கிறது. நினைக்கட்டுமே. நான் இப்போது சொல்லப்போவதும் அவள் செய்த ஒரு மகா அசட்டுத்தனத்தைப் பற்றித்தான். அவளுக்கும் தெரியும். எழுதிக்கோ என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

பல வருஷம் அண்ணி ஒரு டிரைவிங் ஸ்கூலில் சம்பளத்துக்கு வேலை பார்த்தாள். அந்த முதலாளிக்கு, ஆட்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டால் பிடிக்காது. பாதி வகுப்பைப் பெட்ரோல் பங்க் வரிசையிலேயே கழிக்கச் சொல்வார். ஒரு நாள் அண்ணி பொறுமை இழந்து, எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டாள். பேச்சு முற்றியது. "இனிமே என் கார்ல நானே கத்துக் குடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. "தாராளமா போம்மா. எப்படியும் திரும்பி வருவே. கதவைத் திறந்தேதான் வச்சிருப்பேன்" என்றார். அந்தத் திறந்த கதவுதான் அண்ணிக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. திட்டியிருந்தால்கூட மறந்திருப்பாள்.

கையிலிருந்ததையெல்லாம் துடைத்துப்போட்டு ஒரு பழைய கார் வாங்குவது என்று முடிவாயிற்று. இன்னொரு தடவை துடைக்கக் கையில் ஒன்றும் மிச்சமில்லை. இந்தக் கார் சரியில்லை என்றால் அந்தத் திறந்த கதவு வழியாகத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான்.

பெரிய சாலையில் பழைய கார் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. அண்ணியும் நானும் போனோம். கடைக்காரருக்கு வாய் நிறையப் பல், எல்லாம் வரிசையாக, வெள்ளைவெளேர் என்று. என் தொழில் அப்படி, எனக்கு அதுதான் முதலில் கண்ணில் படும். அந்த நிமிஷமே அவருக்குப் பல்லழகர் என்று பெயர் வைத்துவிட்டேன். நீல நிறத்தில் ஒரு சின்னக் காரைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார்.

"ஓட்டிப் பாக்கறீங்களா டீச்சர்?" என்று ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார்.

இங்கேதான் அந்த அசட்டுத்தனம். பல வருஷப் பழக்கம் பாருங்கள், அண்ணி அந்தக் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகச் சுற்றிப்போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

"ம், எடுங்க" என்றாள் அவரைப் பார்த்து.

பல்லழகர் ஒரு கணம் விழித்தார். அப்புறம் முகமெல்லாம் மலர, குடுகுடுவென்று வந்து ஏறினார். வழி நெடுக அண்ணி அவருக்குப் பாடம் நடத்தினாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை, இண்டிகேட்டர் போடாமல் திரும்புகிறார், முன்னால் போகிற வண்டியை ஒட்டிக்கொண்டு போகிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சரிவில் இறங்கும்போது அவருடைய ஒரு கை கியர் மேலேயே இருந்தது.

"ஏன் சார் கியரைப் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க? ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கட்டும்."

"பழக்கமாயிடுச்சு டீச்சர்."

"கெட்ட பழக்கம். விடுங்க முதல்ல."

அவர் பல்லைக் காட்டினாரே தவிர, கையை எடுக்கவில்லை. சரிவு முடிந்து சமதரை வந்ததும்தான் எடுத்தார். கடைக்குத் திரும்பி இறங்கியதும் அண்ணி என் காதில் சொன்னாள்: "வண்டி நல்லாத்தான் இருக்கு. அந்த ஆளுக்குத்தான் ஓட்டத் தெரியல."

அன்றைக்கே வாங்கிவிட்டோம்.

தன் பக்கத்தில் ஒரு தனி பிரேக் பொருத்திக்கொண்டு அண்ணி வகுப்பை ஆரம்பித்தாள். முதலில் வந்து சேர்ந்தது ஒரு நர்ஸ். ஆஸ்பத்திரியில் இராத்திரி வேலையே பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் பகல் வேலை ஒன்று அவளுக்குக் கிடைப்பதாக இருந்தது, கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஊசி போடுகிற கை, நடுங்காத கை. ஸ்டியரிங்கைப் பிடித்த அழகைப் பார்த்து, "உங்களுக்கெல்லாம் பத்தே வகுப்பு போதும்" என்று அண்ணி வாயை விட்டாள்.

சமதரையில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. தண்ணீர்த் தொட்டிச் சரிவில் இறங்கும்போதுதான் வந்தது வம்பு. மூன்றாவது கியர் போட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால், பாதி வழியில் டக்கென்று ஒரு சத்தம். கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். பிடிமானம் இல்லாமல் கார் பள்ளத்தைப் பார்த்து ஓட ஆரம்பிக்கும். அண்ணி தன் பக்கத்து பிரேக்கை அழுத்தி நிறுத்துவாள்.

"கியரை முழுசா போடலை நீங்க. அழுத்திப் போடுங்க."

"போட்டேனே டீச்சர்."

"போட்டிருந்தா ஏன் விழுது? மறுபடியும் மேல போங்க."

மறுபடியும் மேலே, மறுபடியும் கீழே, மறுபடியும் டக். அப்போது வேறு சிலரும் கற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அதே இடத்தில் அதே கதி. அப்போதாவது சந்தேகம் வர வேண்டாமா? வரவில்லையே! கற்றுக்கொள்கிறவர்கள் தப்புதான் பண்ணுவார்கள் என்று கண்டு கண்டு பழகிய மூளை அது. "இந்த வருஷம் வந்தவங்க எல்லாருக்கும் கையில பலமே இல்ல" என்று இராத்திரி சாப்பிடும்போது அண்ணனிடம் அலுத்துக்கொள்வாள்.

ஒரு நாள் சரிவின் அடியில் நர்ஸ் காரை நிறுத்திவிட்டு இறங்கினாள். முகமெல்லாம் கண்ணீர். "எனக்கு இதெல்லாம் வராது டீச்சர். என் கையைப் பத்தி இதுவரைக்கும் யாரும் ஒரு குறை சொன்னதில்ல. இதுக்கு நான் லாயக்கில்ல, விட்டுடுங்க. இராத்திரி வேலையே எனக்குப் போதும்." கைப்பையை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.

காரை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமே என்று அண்ணி ஓட்டுகிறவர் இருக்கைக்கு மாறினாள். என்ன தோன்றியதோ, நேராக வீட்டுக்கு வராமல் காரை மேலே ஏற்றி, நர்ஸ் இறங்கிய மாதிரியே தானும் சரிவில் இறங்கினாள். மூன்றாவது கியர், அழுத்தித்தான் போட்டாள். பாதி வழியில் டக்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். "அந்தப் பொண்ணை அழ வச்சுட்டேன்" என்றாள். காரைப் பற்றி அப்புறம்தான் சொன்னாள்.

அண்ணன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். எதற்கெடுத்தாலும் முதலில் சட்டைக் கையை மடித்துவிடுவான். "என்னை விடு, அந்தக் கடையை ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன்" என்று எழுந்தான்.

"நீங்க உக்காருங்க. முதல்ல ஃபோன்ல கேப்போம்" என்றாள் அண்ணி.

பல்லழகர் தேனாகப் பேசினார். "டீச்சர், நான் குடுக்கும்போது வண்டி தங்கமா இருந்துச்சு. நீங்களே கூட வந்தீங்க, தங்கச்சியும் வந்துச்சு. இப்ப என்னடான்னா தினம் பத்துப் பேரு அதைப் போட்டு இழுக்கறாங்க. புதுசா கத்துக்கறவங்க கையில குடுத்தா எந்த கியர்தான் தாங்கும், சொல்லுங்க?"

அண்ணி ஃபோனை வைத்துவிட்டாள். கற்றுக்கொள்கிறவர்கள் கியரைப் படாத பாடு படுத்துவார்கள் என்பது உலகத்துக்கே தெரியும். யாரிடம் போய் நியாயம் கேட்டாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். வீட்டுப் பக்கத்து மெக்கானிக்கிடம் காட்டினோம். உள்ளே தேய்ந்திருக்கிறது என்றார். எப்போது தேய்ந்தது என்று கேட்டால், "அதெல்லாம் என்னால அடிச்சுச் சொல்ல முடியாது டீச்சர்" என்று கையை விரித்தார். கெட்டியான எண்ணெய் ஊற்றினால் கொஞ்ச காலம் விழாமல் நிற்கும், அதற்குள் யார் தலையிலாவது கட்டிவிடுங்கள் என்று இலவசமாக யோசனையும் சொன்னார்.

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மறைப்பானேன்! "அண்ணி, உங்ககிட்ட கத்துக்கிட்டவங்களே வாங்கிக்குவாங்க. டீச்சர் ஓட்டின வண்டின்னா கண்ணை மூடிக்கிட்டு எடுப்பாங்க. தள்ளி விட்டுத் தலை முழுகுங்க."

"கண்ணை மூடிக்கிட்டு எடுப்பாங்க. அப்புறம் பிள்ளைங்களைப் பின்னால உக்கார வச்சுக்கிட்டு அந்தச் சரிவுல இறங்குவாங்க. அவங்க பக்கத்துல நான் இருக்க மாட்டேன், என் பிரேக்கும் இருக்காது" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடுவது எங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கிற விஷயமில்லை.

அப்போ என்னதான் செய்வது? சொந்தக் காசைப் போட்டு ரிப்பேர் செய்ய வழியில்லை. கடையோடு மல்லுக்கட்ட ஆதாரம் இல்லை. இப்படியே வைத்துக்கொண்டு கற்றுக்கொடுக்கவும் மனசில்லை, எல்லா வகுப்பையும் நிறுத்திவிட்டாள். அந்த வாரம் அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அந்த ஸ்கூல்ல வேற யாரையாவது சேத்துட்டாங்களான்னு தெரியல" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் வீட்டில் ராணி மாதிரி காலை நீட்டி உட்காருகிறவள் அந்த ஆள் முன்னால் போய்க் கைகட்டி நிற்பதா?

"கிளம்புங்க அண்ணி. அந்தச் சரிவுக்குப் போவோம். நானும் ஒரு தடவை பாக்கணும் அந்தச் சனியனை" என்றேன். சும்மா அவளை வெளியே கிளப்பத்தான் சொன்னேன், வேறு ஒரு திட்டமும் இல்லை.

அண்ணி ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். முதல் தடவை டக். இரண்டாம் தடவை டக். மூன்றாம் தடவை அவள், "இப்படிப் பண்ணா என்ன ஆகுதுன்னு பாப்போம்" என்று கியரின் மேல் கையை வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். விழவில்லை. கை இருக்கிற வரைக்கும் கியர் அசையவே இல்லை.

நான் அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். முன்னால் அதே கியர், அதன் மேல் ஒரு கை.

"அண்ணி!" என்று கத்தினேன். "அந்த ஆளு! அன்னைக்கு அந்த ஆளும் இப்படித்தானே பிடிச்சிருந்தான்!"

அண்ணி காரை ஓரம் கட்டினாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"நான் அந்த ஆளைத் திருத்தினேன்டி" என்றாள். "கையை எடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் திருத்தறது ஒண்ணுதான். ஏன் பிடிக்கறான்னு யோசிச்சேனா?" சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அது.

மறுநாள் கடைக்குப் போனோம். அண்ணனும் வந்தான், சட்டைக் கையை வீட்டிலேயே மடித்துக்கொண்டு. வாசலை விட்டு உள்ளே வரக் கூடாது என்று அண்ணி உத்தரவு போட்டிருந்தாள். பல்லழகர் கும்பிடு போட்டு வரவேற்றார்.

"சண்டைக்கு வரல சார். ஒரே ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம் வாங்க. நீங்கதான் ஓட்டணும்" என்றாள் அண்ணி.

மறுக்க வழியில்லை, கடையில் வேறு ஆட்கள் கார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஓட்ட, அண்ணி தன் இடத்தில் உட்கார, நான் பின்னால். அன்றைக்குப் போன அதே வழி. அண்ணி ஒரு திருத்தமும் சொல்லவில்லை. இண்டிகேட்டர் போடாமல் திரும்பினார், அதையும் விட்டுவிட்டாள். அதுதான் எனக்கு ஆச்சரியம். தண்ணீர்த் தொட்டி வந்தது, சரிவு வந்தது, மூன்றாவது கியருக்கு மாற்றினார். அவர் பேசிக்கொண்டேதான் இருந்தார், ஆனால் கை மட்டும் பழகின இடத்துக்குப் போவது போலத் தானாகப் போய்க் கியரைப் பிடித்துக்கொண்டது.

"கையை எடுங்க" என்றாள் அண்ணி.

"பழக்கம் டீச்சர், அன்னைக்கே சொன்னேனே..."

"எடுங்க சார். ரெண்டு கையும் ஸ்டியரிங்ல."

அந்தக் குரலுக்கு யாரும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. எடுத்தார். கொஞ்ச தூரம்தான். டக். என்ஜின் சத்தம் அடங்க, கார் பள்ளத்தைப் பார்த்து ஓடியது. "ஐயய்யோ" என்று அவர் கை மறுபடியும் கியருக்குப் பாய்ந்தது. அதற்குள் அண்ணியின் கால் வேலையை முடித்துவிட்டது. கார் நின்றது. பல்லழகரின் வாயில் ஒரு பல்லும் தெரியவில்லை.

"எங்கிட்ட கத்துக்கறவங்க கெடுத்ததுன்னு சொன்னீங்க" என்றாள் அண்ணி, கோபமே இல்லாமல். "வண்டி என் கைக்கு வர்றதுக்கு முன்னாலேயே உங்க கை இதைப் பிடிச்சுக்கிட்டு வந்துச்சே சார். கியர் விழும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

நான் விடுவேனா? "சாட்சிக்கு நான் பின்னால இருக்கேன், அன்னைக்கும் இங்கதான் இருந்தேன்" என்று தலையை நடுவில் நீட்டினேன். "பேசாம இரு வாயாடி" என்று அண்ணி என் தலையைப் பின்னால் தள்ளினாள்.

"நீங்க ஓட்டிப் பாத்திருந்தா நானே சொல்லியிருப்பேன் டீச்சர். நீங்க அந்தப் பக்கம் போய் உக்காந்துட்டீங்க..." என்று அசடு வழிந்தார்.

"அது என் தப்பு, ஒத்துக்கறேன். மத்ததை நீங்க ஒத்துக்கங்க. எங்கிட்ட கத்துக்கிட்டுப் போறவங்க எல்லாம் கடைசியில கேக்கறது ஒண்ணுதான், டீச்சர், வண்டி எங்க வாங்கலாம்னு. உங்க கடையைப் பத்தி என்ன சொல்றதுன்னு நீங்களே சொல்லிக் குடுங்க."

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பாவமாகத்தான் இருந்தது, எனக்கே. "கடைக்குப் போலாம் டீச்சர்" என்றார் கடைசியில். "அங்க இருக்கறதுல எது வேணுமோ எடுத்துக்கங்க. இதை நான் பாத்துக்கறேன்."

"இதை இப்படியே இன்னொருத்தருக்குக் குடுக்கக் கூடாது."

"சரி பண்ணாம குடுக்க மாட்டேன். போதுமா?"

அப்பாடா! திரும்பி வரும்போது அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் இண்டிகேட்டர் போட்டார்.

கடையில் அண்ணி தேர்ந்தெடுத்தது சாம்பல் நிறத்தில் அழுது வடிந்த ஒரு கிழட்டு வண்டி. ஜன்னலைக் கையால் சுற்றித்தான் ஏற்ற வேண்டும். பல்லழகர் ஓட்டுகிறவர் கதவைத் திறக்க மறந்து நின்றார். அண்ணி வழக்கம்போலச் சுற்றிப்போய்ப் பக்கத்து இருக்கைக் கதவில் கையை வைத்தாள். "அண்ணீ!" என்று நான் போட்ட கத்தலில் வாசலில் நின்ற அண்ணன் சண்டைதான் வந்துவிட்டது என்று ஓடிவந்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு அவள் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். ஊரில் இருக்கிற ஏற்றம் இறக்கம் ஒன்று விடாமல் தானே ஓட்டிப் பார்த்துவிட்டு, நாங்கள் பசியில் சுருண்டு கிடந்த நேரத்தில் திரும்பி வந்து, "இதுதான்" என்றாள். அண்ணன் மடித்த கையைச் சோகமாக இறக்கிவிட்டுக்கொண்டான்.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் நின்றோம். இராத்திரி வேலைக்கு வந்துகொண்டிருந்த நர்ஸ் எங்களைப் பார்த்ததும் ஒதுங்கிப் போகப் பார்த்தாள். அண்ணி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"உங்க கையில ஒரு குறையும் இல்லம்மா. நீங்க கியரைச் சரியாத்தான் போட்டீங்க, ஒவ்வொரு தடவையும். வண்டிதான் கோளாறு. அது தெரியாம நான்தான் உங்களைத் திட்டினேன். மன்னிச்சிடுங்க."

நர்ஸ் தன் கையைத்தான் பார்த்தாள், முன்னும் பின்னும் திருப்பி. "அப்ப நான் சரியாத்தான் போட்டேனா?" என்று கேட்டாள். "வீட்ல எல்லார்கிட்டயும் எனக்கு வராதுன்னு சொல்லிட்டேனே டீச்சர்."

"நாளைக்குப் போய் வருதுன்னு சொல்லுங்க."

மறுநாள் அண்ணியின் தனி பிரேக்கை மாற்றிப் பொருத்தியதும் சாம்பல் வண்டியை நர்ஸ்தான் ஓட்டினாள். நானும் தொற்றிக்கொண்டேன், எனக்கென்ன, லீவு. பழைய ஸ்கூல் வழியாகத்தான் போக வேண்டும். முதலாளி வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். கதவு திறந்தேதான் இருந்தது.

"நர்ஸம்மா, ஒரு ஹார்ன் அடிங்களேன்" என்றேன்.

"தேவையில்லாம ஹார்ன் அடிக்கக் கூடாது" என்றாள் அண்ணி, சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

தண்ணீர்த் தொட்டிச் சரிவு வந்தது. நர்ஸின் தோள் இறுகுவது பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது. மூன்றாவது கியர் போட்டாள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள். கியர் மேலிருந்த கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தாள். பாதிச் சரிவு, அந்த இடம். கார் அடக்கமாக முனகிக்கொண்டே இறங்கியது. சத்தம் ஒன்றும் வரவில்லை. நான் எட்டி அண்ணியின் காலைப் பார்த்தேன். பிரேக்குக்குத் தள்ளி, செருப்பு பாதி கழன்று, சும்மா கிடந்தது.

"டீச்சர்," என்றாள் நர்ஸ், கீழே வந்ததும், "நீங்க ஒண்ணுமே சொல்லலையே?"

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. நீங்க போங்க" என்றாள் அண்ணி.